மச்சான் காரில் எரிந்த மஞ்சள் விளக்கு

ஏரியூரில் ஒரு காரின் பானெட்டைத் திறந்தால் போதும், ஆலோசனைக் கூட்டம் தானாகக் கூடிவிடும். அந்தக் கார் சிவப்பு நிறம், இரண்டே கதவு, கர்நாடக நம்பர் பிளேட் என்றால் டீக்கடை பெஞ்சு மொத்தமும் காலி. என் மனைவியின் தம்பி பெங்களூரில் செகண்ட்ஹேண்டில் வாங்கிவந்த ஸ்போர்ட்ஸ் கார் அது. கம்பெனிப் பெயர் வேண்டாம். நல்ல வண்டிதான், வயசாகிவிட்டது. நம் ஊர் வேகத்தடைகளுக்கும் அதன் வயிற்றுக்கும் தீராத பகை. பின்சீட்டுக்குப் போகிறவர் முன்சீட்டை மடக்கி, தலையைக் குனிந்து, ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு மற்ற காலைத் தேட வேண்டும். என் மாமியார் ஒருமுறை ஏறிவிட்டால் வீடு திரும்பும்வரை இறங்குவதில்லை. வழியில் எந்தக் கோயில் வந்தாலும் உள்ளிருந்தபடியே கும்பிடு.

அந்த வண்டியில், பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் விளக்கு எரிய ஆரம்பித்தது. மீட்டர் போர்டில் மஞ்சளாக ஒரு வட்டம், நடுவில் மூன்று எழுத்து. எங்கேயும் எரியாது, பெரும்பாலை போகிற சாலையில், முனியப்பன் கோயில் வளைவில் ஒடித்துத் திருப்பும்போது மட்டும் எரியும்.

"கோயிலத் தாண்டறப்ப ஒரு ஹாரன்கூட அடிக்காம பறக்கறான். ஐயன் சும்மா உடுவாரா மாப்ள?" என்றார் அத்தை. வண்டியை நிறுத்தி, இறங்கி, சூடம் கொளுத்தினான் மச்சான். திரும்ப வந்து சாவியைப் போட்டால் விளக்கைக் காணோம்! அதற்கப்புறம் அந்த வீட்டில் விஞ்ஞானம் பேச எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

விஷயம் இவ்வளவுதான். சாவியைத் திருப்பியதும் ஏபிஎஸ் கம்ப்யூட்டர் தன்னைத்தானே ஒருமுறை சோதித்துக்கொள்ளும். இரண்டு மூன்று வினாடி விளக்கு எரிந்து, எல்லாம் சரி என்றால் அணையும். ஓடும்போது கோளாறு தட்டுப்பட்டால் மறுபடி எரியும். அந்தக் கோளாறு அடுத்த நிமிடமே மறைந்தாலும், இன்ஜினை அணைக்கும்வரை விளக்கு அணையாது. சூடம் கொளுத்த இறங்கியவன் இன்ஜினை அணைத்துவிட்டுத்தானே இறங்கினான்? இதைச் சொன்னால் அத்தை என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

டீக்கடையில் வேறு வேறு தீர்ப்புகள். ஒருவர் பிரேக் ஆயில் என்றார், இன்னொருவர் பேட் தேய்ந்துவிட்டது என்றார். ஓய்வு பெற்ற லாரி டிரைவர் ஒருவர் கண்ணாடி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: "அம்பாசிடர்ல ஏதுப்பா இதெல்லாம்? தொப்பூர் கணவாயில எத்தினி வருசம் லோடு எறக்கினேன். என் கால்தான் ஏபிஎஸ்."

அவர் சொன்னதில் பாதி நியாயம். அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு பிரேக் பிடிப்பது பழைய டிரைவர்களின் வித்தை. ஆனால் வழுக்குகிற ஒரு சக்கரத்தை மட்டும் கண்டுபிடித்து, அதன் பிரேக்கை மட்டும் வினாடிக்குப் பத்து முறைக்கு மேல் விட்டுப் பிடிக்க எந்தக் காலாலும் ஆகாது; அதைச் செய்வதுதான் ஏபிஎஸ். இந்த யோசனை கார்களுக்கு முன்பே விமானச் சக்கரங்களுக்கு வந்தது. அதே ஏற்பாட்டை 1966இல் இங்கிலாந்தின் ஜென்சன் எஃப்எஃப் கார் வாங்கிக்கொண்டது. நாலு சக்கரத்துக்கும் எலெக்ட்ரானிக் முறையில் போஷ் கம்பெனி செய்த ஏபிஎஸ் 1978இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் வந்தது. நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் விற்கும் புதிய கார்களுக்கெல்லாம் அது கட்டாயம். ஜல்லி கொட்டிவைத்த சாலையில் மட்டும் ஏபிஎஸ் வண்டி சற்றுத் தள்ளிப்போய்த்தான் நிற்கும். எங்கள் பக்கத்துச் சாலைகளை நினைத்தால், லாரிக்கார அண்ணன் முழுக்கத் தோற்றார் என்று சொல்ல மனம் வரவில்லை.

பெருவாரியான ஓட்டு வாங்கிய யோசனை வேறு: "அந்த பல்பப் புடுங்கி உட்ரு." ஊரில் எல்லாருக்கும் விளக்கை அணைப்பதில்தான் அக்கறை. அது ஏன் எரிகிறது என்று கேட்க ஆளில்லை.

மச்சான் ஆன்லைனில் மலிவாக ஒரு ஸ்கேனர் வரவழைத்தான். செருகினால், செல்போனில் "கோளாறு எதுவும் இல்லை" என்று வந்தது. மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருக்க, போன் இல்லை என்று சாதிக்கிறது! மலிவான ஸ்கேனர்களில் பல இன்ஜினோடு மட்டும்தான் பேசும். ஏபிஎஸ் பெட்டி அதற்கு அயலார். தருமபுரிக்குப் போய் பெரிய ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் காட்டியதும் சி0035 என்று ஒரு குறியீடு வந்தது. முன்பக்க இடது சக்கரத்தின் வேக சென்சார். ஒரு துண்டுச் சீட்டில் "லெப்ட் பிரண்ட்" என்று எழுதிக் கொடுத்தார்.

ஏரியூர் ஷெட்காரர் சீட்டை வாங்கிப் படித்தார். வண்டிக்கு முன்னால் போய் அதைப் பார்த்து நின்றார். தன் இடது கைப் பக்கம் இருந்த சக்கரத்தைக் கழற்றினார். கழற்றி, துடைத்து, ஊதி, மாட்டி, "நல்லாத்தானே இருக்குது" என்றார். வண்டிக்கு இடது வலது எல்லாம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்க்கும் கணக்கு. அதை விளக்கி முடிக்க இன்னொரு டீ ஆனது.

சரியான சக்கரத்தைக் கழற்றினால், உள்ளே ஹப்பில் பல் வெட்டிய ஒரு வளையம். அதிலிருந்து மயிரிழை தள்ளிக் காந்தம் வைத்த சென்சார். பற்கள் கடக்கக் கடக்க அதில் சின்ன மின்சாரம் பிறக்கும். அதை எண்ணித்தான் கம்ப்யூட்டர் சக்கரத்தின் வேகத்தைத் தெரிந்துகொள்கிறது. சென்சாரின் நுனியில் பிரேக் டிஸ்க் தேய்ந்த இரும்புத் தூள் தாடி வளர்த்திருந்தது. துடைத்தாயிற்று. ஆனால் குற்றவாளி அது அல்ல.

ஷெட்டில் ஒரு பொடியன் இருந்தான், ஐடிஐ படித்தவன். மல்டிமீட்டரை வைத்தான். வலது சென்சார் 1,100 ஓம். இடதும் ஏறக்குறைய அதேதான். ஷெட்காரர் வெற்றிப் புன்னகை பூத்தார். பொடியன் விடவில்லை. "சார், ஸ்டியரிங்க முழுசா ஒடிங்க" என்றான். ஒடித்தேன். மீட்டர் அப்படியே செத்தது. நேராக்கினால் உயிர் வந்தது. மேல்தோல் பளபளப்பாக இருந்தாலும், வருடக்கணக்காக மடங்கி மடங்கி வயரின் செம்பு உள்ளே அறுந்திருக்கிறது. ஒடித்துத் திருப்பும்போது மட்டும் முனைகள் விலகும். எங்கள் சாலையில் அப்படி ஒடிக்கச் சொல்லும் வளைவு முனியப்பன் கோயில் வளைவு ஒன்றுதான். வீட்டு வாசலில் திருப்பும்போதும் எரிந்திருக்கும். உடனே சாவியை எடுத்துவிடுவதால் யார் கண்ணிலும் படவில்லை.

சக்கரத்தருகே ஆடிக்கொண்டே இருக்கும் வயரை ஒட்டுப்போட்டால் நிலைக்காது என்று பொடியன் அடித்துச் சொன்னான். சென்னை புதுப்பேட்டையில் பழைய சென்சார் ஒன்று கிடைத்து, பஸ் பார்சலில் வந்து சேர்ந்தது. மாட்டியதும் விளக்கு ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணைந்தது. முனியப்பனுக்கும் சேவல் போயிற்று. பாகம் கிடைத்ததே அவர் அருளால்தான் என்பது அத்தையின் கட்சி. கறிக்குழம்பு நன்றாக இருந்ததால் நான் எதிர்வாதம் செய்யவில்லை.

உங்கள் வண்டியில் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும்; நிதானமாக ஷெட்டுக்கு ஓட்டிப் போகலாம். கூடவே சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் அங்கேயே ஓரங்கட்டுங்கள். பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று: விலை பேசுவதற்கு முன் சாவியைத் திருப்பி மீட்டர் போர்டைப் பாருங்கள். ஏபிஎஸ் விளக்கு எரிந்து அணைந்தால் மேற்கொண்டு பேசலாம். எரியவே இல்லையென்றால் யாரோ பல்பைப் புடுங்கியிருக்கிறார்கள்.