25 எழுத்து மந்திரத்துக்கு ஒரு விண்ணப்பம்

உலகத்துக் கம்ப்யூட்டர்களையெல்லாம் காத்து ரட்சிக்கும் மென்பொருள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் துறையார் திருச்சமூகத்துக்கு,

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் உள்ள ஒரு பட்டுப் புடவைக் கடையின் கணக்குப்பிள்ளை அநேக கோடி நமஸ்காரம் செய்து எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். இவ்விடம் யாவரும் க்ஷேமம், பில் போடும் கம்ப்யூட்டர் நீங்கலாக. தங்கள் பெயரை எழுதவில்லை. பெரியவர்கள் பெயரைச் சொல்லக் கூடாது என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை முகூர்த்தப் புடவை எடுக்க ஒரு குடும்பம் வந்தது. பெண்ணின் அத்தை விஷயம் தெரிந்தவர். கோர்வையைப் புரட்டிப் பார்த்தார். ஜரிகையை நகத்தால் நெருடினார். முந்தானை ஓரத்துப் பாவு இழை ஒன்றை உருவிக் கொளுத்தச் சொன்னார். கொளுத்தினோம். முடி கருகும் வாடை வந்தது, சாம்பல் விரலில் பொடிந்தது. திருப்தியாகி, பில் போடச் சொன்னார். ஃபைலைத் திறந்தேன். திரையின் உச்சியில் சிவப்பாக ஒரு பட்டை: இந்தப் பிரதி அசல் அல்ல, நீங்கள் போலிக்கு இரையாகியிருக்கலாம் என்று இங்கிலீஷில். அத்தை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை வாய்விட்டுப் படித்தார். "ஏம்ப்பா, உங்க பொட்டியே அசல் இல்லேன்னு அதுவே சொல்லுதே. அப்ப புடவை?"

முதலாளி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதுவதற்கில்லை. இன்னொரு இழையைக் கொளுத்திக் காட்டிய பிறகே புடவை விலைபோயிற்று. பில், கார்பன் பேப்பர் வைத்துக் கையால் எழுதியது.

அசல் என்று நிரூபிக்க இந்த ஊர் படாத பாடு பட்டிருக்கிறது. விசைத்தறிச் சரக்கையும் காஞ்சிப் பட்டு என்று கூவி விற்றவர்களால் நெசவாளி வயிற்றில் அடி விழுந்ததுதான் மிச்சம். 2005-06-இல் புவிசார் குறியீடு வாங்கினோம். சில்க் மார்க் ஹோலோகிராம் ஒட்டுகிறோம். ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று சொல்ல மெஷின் வந்துவிட்டது. இத்தனையும் விற்கிறவன் பாடு. காசு கொடுத்தவரை வழிமறித்து 'நீ அசலா?' என்று கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. தங்கள் தர்மத்தில் விற்றவர் சிம்மாசனத்தில் இருப்பார். வாங்கியவன்தான் ஆயுசு முழுக்கக் கூண்டில் நின்று நிரூபிக்க வேண்டும். பெரிய இடத்து வழக்கம் பெரியதாகத்தான் இருக்கும்.

மந்திர விஷயத்திலும் அப்படியே. இந்த ஊர்ச் சிவகாஞ்சிக்கு ஐந்தெழுத்து போதும். விஷ்ணுகாஞ்சிக்கு எட்டு. தங்களுக்கு 25. ஐந்தைந்தாகப் பிரித்து, நடுவில் கோடு போட்டு, எட்டா 'பி'யா என்று விளக்குப் பிடித்துப் பார்த்து, ஓர் எழுத்து பிசகாமல் ஜபித்தால் மெனுக்கள் சாம்பல் நிறம் நீங்கி மோட்சம் பெறும். ஈசனுக்கே ஐந்தில் முடிகிற காரியம், தங்களுக்கு ஐயைந்து ஆனாலும் முடியவில்லை என்பதிலிருந்தே தங்கள் பெருமை விளங்கும்.

ஆடி மாதம் கரண்ட் எகிறி மதர்போர்டு போயிற்று. மாற்றினோம். அதே ஹார்ட் டிஸ்க், அதே ஃபைல், அதே மேஜை, அதே கணக்குப்பிள்ளை. தாங்கள் மட்டும் இது வேறு கம்ப்யூட்டர் என்று ஞானதிருஷ்டியால் கண்டுகொண்டீர்கள். ரசீதில் 'லைஃப்டைம்' என்று போட்டிருக்கிறது. யாருடைய லைஃப் என்று போடவில்லை. மதர்போர்டின் ஆயுள்தான் அது என்று இப்போது விளங்குகிறது.

திருமந்திரத்தின் பொருள் கேட்டு ராமானுஜர் ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூருக்கு 18 முறை நடந்தார் என்பார்கள். எட்டெழுத்துக்கே 18 நடை என்றால் 25 எழுத்துக்கு எத்தனை என்று கணக்குப்பிள்ளைக்குத் தெரியாதா? ஆனால் அவரைத் திருப்பி அனுப்பியவர் ஒரு மனிதர். தங்கள் போனில், எங்கள் அழைப்பு தங்களுக்கு மிக முக்கியம் என்று ஒரு ரெக்கார்டு சொல்கிறது. பிறகு வீணை வாசிக்கிறது. பிறகு லைன் போய்விடுகிறது. அத்திவரதர் 1979-இல் எழுந்தருளினார், 2019-இல் எழுந்தருளினார், அடுத்தது 2059. தேதி தெரிந்தால் எவ்வளவு காலமும் காத்திருக்கிற ஊர் இது. தங்கள் போனில் மனுஷக் குரல் எழுந்தருளும் வருஷத்தையும் அறிவித்துவிட்டால் புண்ணியமாகப் போகும்.

இதற்கிடையில் பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தம்பி ஒருவன், "முன்னூறு ரூபா குடுங்கண்ணா, கிராக் போட்டுடறேன். அப்புறம் ஜென்மத்துக்கும் அது கேக்காது" என்றான். கூடவே வைரஸும் இலவச இணைப்பாக வரும் என்பதைத் தவிர, அவன் சொன்னதில் பொய் இல்லை. திருடி ஓட்டுகிற கம்ப்யூட்டர் சுகமாக ஓடுகிறது. ரசீது வைத்திருப்பவன் நெற்றியில்தான் சிவப்புப் பட்டை. இது என்ன நியாயம்? காசையும் வாங்கிக்கொண்டு, கொடுத்தவனைத் திருடன் என்று அவன் கடையிலேயே, அவன் வாடிக்கையாளர் எதிரிலேயே எழுதிக் காட்ட உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அந்தப் புடவையை நெய்தவர் பிள்ளையார்பாளையத்துக் குழித்தறியில் நாள் கணக்காகக் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, மூன்று நாடா வைத்துக் கோர்வை போட்டவர். உங்கள் ஒரு வரி அவர் உழைப்பின் மேலல்லவா சேறு பூசியது?

மன்னிக்க வேண்டும் பிரபு. கடையில் ஆள் இருக்கும்போது சத்தம் போட்டுவிட்டேன்.

அற்பன் நான் எம்மாத்திரம்? 2025 ஜூலையில், ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது என்று, குஜராத் வாடிநாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜிக்கே ஒரு மென்பொருள் நிறுவனம் மின்னஞ்சலையும் மற்ற சேவைகளையும் பட்டென்று நிறுத்தியது. பணம் கட்டியிருந்தவர்கள் டெல்லி ஹைகோர்ட் படியேறிய பிறகுதான் எல்லாம் திரும்ப வந்தன. எண்ணெய்க் கம்பெனிக்கு வக்கீல் உண்டு. எங்களுக்குப் பிள்ளையார்தான் உண்டு.

எனவே, தங்கள் அனுமதி இல்லாமலே, மாற்று தேடத் தொடங்கியிருக்கிறோம். கடைசியில் மந்திரம் கைக்கு வந்ததும் ராமானுஜர் கோபுரத்தில் ஏறி ஊருக்கே உரக்கச் சொல்லிவிட்டாராம். 2010 செப்டம்பரில் ஓப்பன் ஆபிஸை விட்டுப் பிரிந்து லிப்ரே ஆபிஸைத் தொடங்கியவர்களும் அந்தக் கோபுரம் ஏறிய ஜாதிதான். இலவசம், தமிழ் மெனு உண்டு, மந்திரம் பூஜ்ஜிய எழுத்து. குறை இல்லாமல் இல்லை: பழைய பில் மாதிரியின் கட்டங்கள் ஒரு விரல் தள்ளி நிற்கின்றன, ஆடிட்டர் அனுப்பும் மேக்ரோ ஃபைல் முறைத்துக்கொள்கிறது.

இன்னொன்று, நெட்டில் ஓடும் ஜோஹோ. கூடுவாஞ்சேரிப் பக்கம், 2019 நவம்பரில் செங்கல்பட்டு பிரியும்வரை எங்கள் ஜில்லாவேதான். 2025-இல் மத்தியக் கல்வி அமைச்சகம் தன் அதிகாரிகளையே அதற்கு மாறச் சொன்னது. நெட் படுத்துவிட்டால் முகூர்த்த நாளில் என்ன செய்வது, கணக்கு நம் மேஜையில் இல்லாமல் வேறெங்கோ இருக்கலாமா என்பது முதலாளியின் கவலை. தங்களிடம் சூடுபட்டவர், இனி எந்தச் சந்நிதியிலும் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட மாட்டார்.

மாற்று என்பது இங்கே புதுசும் இல்லை. 2007 வாக்கில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனத்தை லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபிஸுக்கும் திருப்பினார் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி, எங்கள் ஊர்ப் பிள்ளை அண்ணாவின் பிறந்த நாளில், ஜெயலலிதா அரசு தொடங்கிய இலவச லேப்டாப்பில் மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பலரும் முதல் வேலையாக அதை அழித்துவிட்டு மறுபடியும் 25 எழுத்தில்தான் போய் விழுந்தார்கள். பழகிய கை அப்படி. தாங்கள் விற்பதே அந்தப் பழக்கத்தைத்தான் என்று கடையில் பையன்கள் பேசிக்கொள்கிறார்கள். நான் நம்பவில்லை. நம்பாதது மாதிரி இருக்கிறேன்.

முடிவைத் தெரிவித்துக்கொள்கிறேன். பில், ஸ்டாக், நெசவுக் கூலிப் பட்டியல் மூன்றும் லிப்ரே ஆபிஸுக்குப் போய்விட்டன. கட்டங்களை நானே உட்கார்ந்து நேராக்கிவிட்டேன். ஆடிட்டர் ஃபைலுக்காக மட்டும் தங்களைப் பின்னறைக் கம்ப்யூட்டரில், பாவு மூட்டைகளுக்குப் பக்கத்தில், சகல மரியாதையுடன் எழுந்தருளப் பண்ணியிருக்கிறோம்.

கேட்பது மூன்று. லைஃப்டைம் என்று விற்றால் யாருடைய ஆயுள் என்று ரசீதிலேயே போடுங்கள். மதர்போர்டு மாற்றியவனுக்குத் தமிழ் பேசும் ஓர் ஆளைப் போனில் கொடுங்கள். ஒருவனைப் போலி என்று சொல்வதற்கு முன் அவன் ரசீதை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். புடவைக்கு அத்தை அந்த மரியாதையைக் கொடுத்தார்: முதலில் சோதித்தார், பிறகுதான் பேசினார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள (சரிபார்ப்பு நிலுவையில்)
கணக்குப்பிள்ளை

பி.கு.: இதை லிப்ரே ஆபிஸில் தட்டி, தங்கள் ஃபைல் வடிவத்திலேயே சேமித்து அனுப்புகிறேன். திறக்கும்போது தங்கள் கம்ப்யூட்டர் 25 எழுத்து கேட்டால் என்னிடம் கேட்கலாம். கடை போனை மனுஷன்தான் எடுப்பான்.