நாற்காலியைக் கவிழ்த்துப் பார்ப்பவர்

அமெரிக்கப் பெருநகரங்களில், சிறப்பாக லாஸ் ஏஞ்சலிஸிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் மனித வகைகளுள், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செய்யப்பட்ட சொகுசு நாற்காலிகளையும் அவற்றின் காற்பீடங்களையும் தேடிச் சேர்ப்பவர் என்னும் வகை தனியே ஆராயத்தக்கதாகும். மற்றவர்களுக்கு நாற்காலி உட்காருவதற்கு உரியது. இவருக்கோ அது கவிழ்த்துப் பார்ப்பதற்கு உரியது. அழைத்த வீட்டுக்குள் காலடி வைத்ததும் இவர் கண் முதலில் போய் நிற்கும் இடம் நாற்காலிக் கால்களே என்பதால், வீட்டுக்காரர் நலம் விசாரித்து முடிப்பதற்குள் இவருடைய முழங்கால் தரையைத் தொட்டுவிடும். விருந்துக்கு வந்தவர் ஏதோ தவறவிட்டுத் தேடுகிறார் என்று எண்ணி, விவரமறியாத வீட்டுக்காரரும் கூடக் குனிந்து தேடத் தொடங்கிவிடுவதுண்டு.

இவர் சேர்க்கும் பொருள்களுக்கு ‘மிட்-செஞ்சுரி மாடர்ன்’ என்று பெயர். இரண்டாம் உலகப்போரை ஒட்டித் தொடங்கி அறுபதுகளின் இறுதிவரை அமெரிக்காவிலும் டென்மார்க் முதலிய நாடுகளிலும் உருவான, செதுக்கு வேலையும் பூ வேலையும் தவிர்த்த, கோடுகள் துலங்கும் அறைக்கலன்களை இச்சொல் குறிக்கும். அவற்றைச் செய்தவர்களோ வாங்கியவர்களோ இப்பெயரால் அவற்றைப் பரவலாக அறிந்ததில்லை; காரா கிரீன்பெர்க் என்பவர் 1984இல் வெளியிட்ட நூலின் தலைப்பே பெயராக நிலைத்தது. பெயர் கிடைக்கும்வரை பழைய சாமான் என்று கார் கொட்டகையில் கிடந்தவை, பெயர் கிடைத்தபின் கண்ணாடிச் சுவர் வைத்த வரவேற்பறைக்கு ஏறிவந்தன. இந்தக் கால எல்லையைக் காப்பதில் சேகரிப்பாளர் காட்டும் கண்டிப்பு பஞ்சாங்கக்காரரிடமும் காணக்கிடைக்காதது: மீஸ் வான் டெர் ரோ 1929ஆம் ஆண்டின் கண்காட்சிக்காக வடிவமைத்த பார்சிலோனா நாற்காலியை யாராவது இந்தக் கணக்கில் சேர்த்துப் பேசினால், இவர் மறுத்துப் பேசமாட்டார், பேசியவரைப் பார்த்து இரக்கத்தோடு புன்னகை செய்வார்.

இவரது வழிபாட்டின் மூலவர், சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் கணவனும் மனைவியும் வடிவமைத்து, மிச்சிகன் மாநிலத்தின் ஸீலண்ட் ஊரில் இயங்கிய ஹெர்மன் மில்லர் நிறுவனம் 1956இல் வெளியிட்ட சொகுசு நாற்காலி ஆகும். மெல்லிய மரத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு அடுக்கி, அச்சில் வைத்துச் சூடும் அழுத்தமும் கொடுத்து வளைத்த ஒட்டுப்பலகை ஓடுகள் மூன்று (தலைக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, இருக்கைக்கு ஒன்று), அவற்றுள் பொருந்தும் கறுப்புத் தோல் மெத்தைகள், அலுமினியத்தாலான ஐந்து கால் சுழல்பாதம் ஆகியவை சேர்ந்தது அது. அதனுடன் வரும் ஆட்டோமன் என்பது, சாய்மானமும் கைப்பிடியும் இல்லாமல் கால் நீட்டி வைப்பதற்கென்றே அமைந்த மெத்தைப்பீடம். அதற்குக் கால்கள் நான்கு. நிறுவனத்தின் பட்டியலில் நாற்காலிக்கு எண் 670, காற்பீடத்துக்கு எண் 671. சேகரிப்பாளர்கள் தங்களுக்குள் உரையாடும்போது நாற்காலி என்ற சொல்லே வாயில் வராது. “ஒரு 670 வந்திருக்கிறது, ஆனால் 671 இல்லை” என்று ஒருவர் தாழ்ந்த குரலில் சொல்ல, மற்றவர் துக்கம் கேட்டவர்போல் தலையசைப்பார்.

பேஸ்பால் ஆட்டத்தில் முதல் தளத்தைக் காப்பவர் அணியும் தோல் கையுறை, பல ஆட்டங்களில் அடிபட்டுப் பழகி, கை வைத்தால் உள்வாங்கிக்கொள்ளும் பதத்தை அடைந்திருக்கும். தம் நாற்காலியும் அப்படியொரு தோற்றம் தரவேண்டும் என்பதே சார்லஸ் ஈம்ஸின் விருப்பம். அதாவது, புதிதாக வாங்கும்போதே பலகாலம் உட்கார்ந்து பழகியதுபோல இருக்கவேண்டும் என்று அவர் செய்தார். எழுபது ஆண்டு பழகியதை வாங்கும் சேகரிப்பாளரோ, அதில் எவரும் ஒருநாளும் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று எதிர்பார்க்கிறார்.

இந்த எதிர்பார்ப்போடு இவர் செல்லும் இடம் ‘எஸ்டேட் சேல்’. தமிழ் வாசகர் நினைப்பதுபோல் இது தேயிலைத் தோட்ட விற்பனையன்று. வீட்டில் வாழ்ந்தவர் இறந்த பிறகோ முதியோர் இல்லத்துக்குக் குடிபெயர்ந்த பிறகோ, கரண்டி முதல் கட்டில்வரை எல்லாப் பொருளுக்கும் விலைச்சீட்டு ஒட்டி, அந்த வீட்டுக்குள்ளேயே இரண்டு மூன்று நாள் நடத்தப்படும் விற்பனையாகும். கதவு திறக்கப் பல மணி நேரம் இருக்கையிலேயே இவர் வாசலில் வரிசை பிடித்திருப்பார். முன்னால் நிற்பவரும் பின்னால் நிற்பவரும் இதே இனத்தவர் என்பது தெரிந்தும், சமையல் பாத்திரங்களைப் பார்க்க வந்ததாகவே மூவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வர். கதவு திறந்ததும் பாத்திரங்கள் இருக்கும் திசையை மூவரும் திரும்பியும் பாரார்.

நாற்காலியைக் கண்டடைந்தபின் நடைபெறும் சோதனை விரிவாகச் சொல்லத்தக்கது. இறந்தவரின் படிப்பறைக் கம்பளத்தின்மீது மல்லாந்து படுத்து, பல்லிடுக்கில் சிறு டார்ச் விளக்கைக் கவ்விக்கொண்டு, கைப்பிடியின் அடிப்புறத்தில் உள்ள திருகாணிகளை இவர் எண்ணுவார். மூன்று இருந்தால் நாற்காலி தொடக்கக் காலத்தது, இரண்டு இருந்தால் பின்னது. ஒரு திருகாணிக்காக ஒரு முழு மனித உடல் தரையில் கிடப்பதன் காரணம் இதுவே. அடுத்து, ஒட்டுப்பலகையின் ஓரத்தில் நகத்தை வைத்து அடுக்குகளை எண்ணுவார். பழையவற்றில் ஐந்து, பிந்தியவற்றில் ஏழு. அதன்பின் மெத்தையை முகர்ந்தும் அமுக்கியும் பார்த்து, உள்ளே இருப்பது முற்காலத்து இறகா பிற்காலத்து நுரையா என்று தீர்மானிப்பார். இந்நேரம் இறந்தவரின் மகள் அறைக்குள் வந்து, யாரோ மயங்கி விழுந்துவிட்டார் என்று முதலில் பதறி, பிறகு விஷயம் தெரிந்து, “அப்பா தினமும் சாயங்காலம் இதில் உட்கார்ந்துதான் பேப்பர் படிப்பார்” என்று கண்கலங்கச் சொல்வதுண்டு. சேகரிப்பாளரும் கலங்குவார். தினமும் உட்கார்ந்தார் என்ற செய்தி, கேட்ட விலையில் எவ்வளவு குறைக்கலாம் என்ற கணக்கைத் தொடங்கிவைக்கும் என்றாலும், அந்தக் கலக்கம் முற்றிலும் பொய் என்று சொல்லிவிட முடியாது.

காற்பீடம் காணாமற்போன நாற்காலியை அவ்வாறே விட்டுவைக்க இவருக்கு மனம் வராது. இடம்பெயரும்போதோ பாகப்பிரிவினையிலோ இரண்டும் பிரிந்திருக்கும். வேறொரு வீட்டுக் காற்பீடத்தைக் கொணர்ந்து சேர்க்கும் வழக்கத்தைப் பழம்பொருள் வணிகர்கள் ‘மணமுடித்தல்’ என்றே குறிப்பிடுவதால், இவர் பொருத்தம் பார்ப்பது நம் ஊர்ப் பெரியவர்கள் ஜாதகம் பார்ப்பதைப்போலவே அமைந்துவிடுகிறது: மரத்தின் நிறம், ரேகை ஓடும் போக்கு, தோலின் மங்கல், பிறந்த ஆண்டு ஆகிய நான்கும் பொருந்தவேண்டும். பொருத்தமில்லாத இணையை விற்க நேர்ந்தால் அந்த உண்மையை வாங்குபவரிடம் மறைப்பது பெரும்பாவம் என்று இவர் போதிப்பார். தம்மிடம் உள்ள இரண்டு இணைகளைப் பற்றிக் கேட்டால் பேச்சை வேறு திசைக்குத் திருப்புவார்.

மரத்தைப் பற்றிய பேச்சு எழுந்தால் இரவு உணவு ஆறிப்போகும். தொடக்கக் கால நாற்காலிகளின் மேல்பரப்பில் ஒட்டப்பட்ட வெனீர், அதாவது அழகுக்காக ஒட்டும் மெல்லிய மரத்தகடு, பிரேசில் நாட்டு ரோஸ்வுட் ஆகும்; தமிழகக் காடுகளில் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் சொல்லப்படும் மரத்துக்கு அது தாயாதி முறை. காடழிந்து அம்மரம் அருகிப்போனதால், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலில் அது 1992இல் சேர்க்கப்பட்டது. சேகரிப்பாளர் காடழிவைக் கண்டிப்பவர். மழைக்காடுகளுக்காக நன்கொடை அளிப்பவர். எனினும் வால்நட் மரத்தில் செய்த பிற்கால நாற்காலியை எவராவது புகழ்ந்தால், “அதுவும் நல்ல நாற்காலிதான்” என்று அவர் சொல்லும் தொனியில் ‘தான்’ என்னும் இடைச்சொல் ஆற்றும் பணி இலக்கண ஆசிரியர்கள் கவனிக்கவேண்டியது.

இனி, வாங்கி வந்த நாற்காலியில் ஏன் எவரும் உட்காரக்கூடாது என்பதற்கு இவர் தரும் விளக்கத்தை நகைத்து ஒதுக்கிவிடலாகாது. அதில் நியாயம் இருக்கிறது. மர ஓட்டின் வெளிப்புறத்தில் திருகாணித் தலை எதுவும் தெரியக்கூடாது என்பதற்காக, ஓட்டின் உட்புறத்தில் ரப்பர் வில்லைகளைப் பசையால் ஒட்டி, கைப்பிடிகளை அவற்றில் முடுக்கியிருப்பார்கள். உட்காருபவரின் அசைவுக்கு ஏற்ப நாற்காலி சற்றே நெகிழ்ந்துகொடுப்பது இந்த அதிர்வுதாங்கிகளால்தான். ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் இறுகும், பசை விடும். அப்படிப்பட்ட நாளொன்றில் கனத்த உடம்புள்ள விருந்தினர் ஒருவர் வயிறார உண்டு வந்து, ஏப்பத்துடன் முதுகைச் சாய்த்தால், வில்லை பெயர்ந்து முதுகு ஓடு பிளந்துபோகும். பிளந்த பழைய ஓட்டுக்கு ஈடாக அதே மரத்தில் அதே வயதில் இன்னொன்று எளிதில் கிடைக்காது. எனவே விருந்து நாள்களில் சேகரிப்பாளர் நாற்காலிக்கு அருகிலேயே நின்று உண்பார். வருபவரின் எடையை ஒரே பார்வையில் கணிக்கும் திறமை அவருக்குக் கைவந்திருக்கும். “அங்கே வெளிச்சம் போதாது, இங்கே சோபாவில் வசதியாக உட்காருங்கள்” என்பார். அந்த நாற்காலிக்கு மேலேதான் அறையின் ஒரே விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

இவருடைய மைத்துனரைப் பற்றி இங்கே சொல்லாமல் விடுவது முறையன்று. மைத்துனரின் வீட்டில் இருப்பது அசலன்று. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் இயங்கிய பிளைகிராஃப்ட் நிறுவனம் ஈம்ஸ் நாற்காலியைப் பார்த்துச் செய்த வகையைச் சேர்ந்தது. அசல் நாற்காலியின் சாய்வு மாறாதது. சுழலுமே தவிரப் பின்னோக்கிச் சாயாது. நகலோ முதுகை அழுத்தினால் இணக்கத்தோடு பின்னே சாய்ந்துகொடுக்கும். சாயுமாயின் அது போலி என்று சேகரிப்பாளர் சொல்லிக்கொண்டிருக்கையில், மைத்துனர் அதில் சாய்ந்தபடியே கேட்டுக்கொண்டிருப்பார். சிறிது நேரத்தில் குறட்டை கேட்கும்.

பழுப்பேறிய மரத்தையும் வெடிப்புக் கண்ட தோலையும் குறிக்க ‘பட்டினா’ என்றொரு சொல் இவர்களிடையே வழங்குகிறது. காலமும் கையும் சேர்ந்து ஒரு பொருளின்மேல் ஏற்றிய மெருகு என்பது இதன் பொருள். தம் நாற்காலியில் இருந்தால் பட்டினா, பிறர் நாற்காலியில் இருந்தால் அழுக்கு என்னும் பாகுபாட்டைத் தவிர இச்சொல்லில் வேறு சிக்கல் இல்லை.

டென்மார்க்கின் பக்கம் இவரது ஆசை பரவும் காலமும் வரும். ஃபின் யூல் செய்த சாய்வு நாற்காலியில், 1949ஆம் ஆண்டுக் கண்காட்சியின்போது அந்நாட்டு அரசர் ஒன்பதாம் ஃபிரெடெரிக் உட்கார்ந்தார் என்பது வரலாறு. இவர் அருகில் இருந்திருந்தால் அரசரையும் எழுந்திருக்கச் சொல்லியிருப்பார். அர்னெ யாகோப்சன் கோபன்ஹேகன் விடுதிக்காக 1958இல் செய்த முட்டை நாற்காலி வாசற்படியில் நுழையாததால் வாங்கப்படாமல் நிற்கும். இந்தியாவின் பக்கமும் ஒரு கை நீளும்: கட்டடக் கலைஞர் ல கார்புசியரின் உறவினரான பியர் ஜானரே, சண்டிகர் அரசு அலுவலகங்களுக்காகத் தேக்கும் பிரம்பும் கொண்டு வடிவமைத்த நாற்காலிகள், உடைந்த சாமானாக மொட்டை மாடியில் குவிக்கப்பட்டு ஏலத்தில் கழிக்கப்பட்டபின், ஐரோப்பிய வணிகர்கள் கைமாறி இலட்சக்கணக்கில் விலைபோகின்றன. எந்தப் பிரிவுக்கு உரியது என்று காட்ட அலுவலக ஊழியர் பெயின்டால் எழுதிய எண்ணும் எழுத்தும் அப்படியே இருந்தால் மதிப்பு கூடும். அந்நாற்காலியின் பிரம்பைத் தேய்த்தபடி கோப்புகளைக் கிடப்பில் போட்ட எழுத்தர், தாம் பட்டினா ஏற்றிக்கொண்டிருந்ததை அறியார். ஈம்ஸ் இணையர் இந்திய அரசின் அழைப்பில் வந்து 1958இல் அளித்த அறிக்கை, பின்னர் அகமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்புக் கழகம் எழ வழிசெய்தது என்பதும், அவ்வறிக்கையில் அவர்கள் மனமுருகிப் பாராட்டியது தண்ணீர் மொள்ளும் சாதாரணச் செம்பை என்பதும் இவருக்கு மனப்பாடம். ஆகவே இவரிடம் ஒரு செம்பும் உண்டு. கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது.

வீட்டில் இடம் தீர்ந்ததும், மாத வாடகைக்குக் கிடைக்கும் சேமிப்பறை ஒன்றை இவர் பிடிப்பார். வாரம் ஒருமுறை அங்கே சென்று, போர்வை விலக்கி எண்ணெயிட்டுத் துடைத்து வருவதற்காக, கதவோரம் ஒரு பிளாஸ்டிக் மடக்கு நாற்காலி போட்டிருப்பார்; வாழ்நாளில் இவர் நிம்மதியாக உட்காரும் நாற்காலி அது ஒன்றே.

வாடகைச் சீட்டு மனைவியின் கண்ணில் படும் நாளில், இனி ஒன்று உள்ளே வரவேண்டுமானால் ஒன்று வெளியே போகவேண்டும் என்ற சட்டம் வீட்டில் பிறக்கும். சேகரிப்பாளர் சட்டத்தை மதிப்பவர் ஆதலால் எதிர்ப்பின்றி ஒப்புக்கொண்டு, மனைவியின் கண்முன்னே ஒரு நாற்காலியை வண்டியில் ஏற்றி அனுப்புவார். அது பசடீனாவில் உள்ள மற்றொரு சேகரிப்பாளர் வீட்டுக்குப் போய்ச் சேரும்; அங்கும் இதே சட்டம் நடைமுறையில் இருப்பதால் அவ்வீட்டு நாற்காலி ஒன்று அதே வண்டியில் ஏறி இங்கே புதுவரவாக வந்திறங்கும். அடுத்த மாதம் அவை இரண்டும் ஊர் திரும்பும். ஒவ்வொரு முறையும் கணவர் ஒன்றைத் தியாகம் செய்தார் என்று இரு வீட்டு அம்மாள்களும் மனம் இளகி வருகின்றனர். அவ்விருவரும் சந்தித்துப் பேசிவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் கணவர்களே முறைவைத்து ஏற்றுக்கொண்டிருக்கின்றனர்.