பொன் ரதமும் பொன் வெயிலும்

கேள்வி: பணி ஓய்வு பெற்றுவிட்டேன். மனைவியுடன் சொகுசு ரயிலில் ஊர் சுற்ற ஆசை. படங்களும் நன்றாக வர வேண்டும். வழி சொல்லுங்கள்.
– வாசகர், நாகரசம்பட்டி

பதில்: ஓசூரைத் தாண்டினாலே ரயில் கிடைத்துவிடும். 2008-ல் ஓடத் தொடங்கிய 'கோல்டன் சாரியட்' பெங்களூருவிலிருந்துதான் புறப்படுகிறது. அதற்குப் பெயர் தந்த ஹம்பி கல்தேரைப் புதிய 50 ரூபாய் நோட்டின் பின்புறத்தில் பார்க்கலாம். மாமல்லபுரம், தஞ்சாவூர் போகும் சுற்றும் உண்டு. அட்டவணையைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

மெத்தை, சாப்பாடு பற்றி எல்லோரும் கேட்பார்கள். நீங்கள், எந்த ஊரில் எத்தனை மணிக்கு இறக்குவார்கள் என்று கேளுங்கள். எவ்வளவு பணம் கட்டினாலும் சூரியன் உங்களுக்காகக் காத்திருக்காது! தஞ்சைப் பெரிய கோயில் கிழக்கு பார்த்தது. காலையில் முகப்பில் வெளிச்சம்; மாலையில் விமானத்தின் மேற்குப் பக்கம் பொன்னாக மின்னும். உச்சி வெயிலில் திருச்சுற்று மாளிகையின் நிழலில் மனைவியைப் படமெடுங்கள், முகம் அழகாக விழும். சுமார் 66 மீட்டர் விமானத்தை அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் பின்னால் சாய்ந்து தெரியும். தள்ளிப்போய், போனை நேராகப் பிடியுங்கள். முக்காலிக்குத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும்.

இப்படிப் படமெடுத்துப் பழகிப் பார்க்க, உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே கே.ஆர்.பி. அணை இருக்கிறது. இன்று மாலையே கிளம்புங்கள்.