ஒன்றரை மில்லிமீட்டர் சுரங்கம்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். அங்கே வேலை பார்த்த தாத்தா வீட்டுக்கு வந்து ‘வலிக்குது’ என்று சொன்னதாக யாருக்கும் நினைவில்லை. அவருடைய பேரனின் முன்கையில் ஊசி இறங்கியது ஒன்றரை மில்லிமீட்டர். வீட்டுக்கு வந்த பிறகும் அவன் முனகல் லைன் வீடுகளின் கடைசிக் கதவு வரை கேட்டது.

பேரன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். தங்கவயல் பையன் வேறு எங்கே பார்ப்பது? 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மைன்ஸை மூடியதிலிருந்து, விடிவதற்கு முன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி இருட்டிய பிறகு வந்து இறங்குவதுதான் ஊரின் முதன்மைத் தொழில். பெங்களூரில் ஒரு கடையில் உட்கார்ந்து, கையில் ஷாஃப்டைப் பச்சை குத்திக்கொண்டு வந்தான். இரும்புக் கோபுரம், உச்சியில் சக்கரம், கீழே தொங்கும் கேஜ். சிங்கம், தேள், காதலி பெயர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதைத் தேர்ந்தெடுத்ததற்காக அவனை மன்னிக்கலாம். 2018இல் யாஷ் நடித்த ‘கே.ஜி.எஃப்’ படம் வந்த பிறகு, இந்த ஊரின் மூன்று எழுத்தை இந்த ஊரைப் பார்த்தே இராதவர்களெல்லாம் நெஞ்சில் எழுதிக்கொண்டார்கள். இவன் சொந்த ஊரைத்தான் எழுதியிருக்கிறான்.

கடைக்காரர் ஒரு தாளும் கொடுத்தனுப்பினார். வாசனையில்லாத சோப்பு, ஓடும் தண்ணீரில் கழுவுதல், துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தல், களிம்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியதாகத் தடவுதல், வெயில் கூடாது, நீச்சல் கூடாது, சொறியவே கூடாது. மருத்துவர்களைக் கேட்டாலும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்வார்கள். தாளில் எந்தக் குற்றமும் இல்லை. அதை எழுதியவர் தங்கவயலுக்கு வந்ததில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஓடும் தண்ணீர். பேத்தமங்கலாவிலிருந்து சுரங்கத்துக்கும் ஊருக்கும் தண்ணீர் வந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது குழாயில் தண்ணீர் ஓடுவது திருவிழா மாதிரி, நாள் பார்த்துத்தான். குடத்தில் பிடித்து வைத்த தண்ணீரை அம்மா சொம்பில் மொண்டு ஊற்ற, அவன் கையை நீட்டிக்கொண்டு நின்றான். நான்காவது சொம்பில் அம்மா கேட்டார்: “ஏன்டா, இது கையா, கோயில் சிலையா?”

இரண்டாவது தூசி. தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய பாறைத்தூள் மூன்று கோடி டன்னுக்கு மேல் ஊரைச் சுற்றி மேடுமேடாகக் கிடக்கிறது. சைனைட் மேடு என்பார்கள். சினிமாக்காரர்களுக்கு அது அருமையான லொகேஷன். காற்றடித்தால் துணி காயப்போடும் பெண்களுக்கு அது வேறு. திறந்த காயத்தோடு அந்தக் காற்றில் நடக்கக் கூடாது என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை. அவனாகவே முழுக்கைச் சட்டை போட்டான். சட்டை தளர்வாக இருக்க வேண்டும் என்பதால் அப்பாவின் சட்டை. அதைப் போட்டுக்கொண்டு ரயிலில் நின்றால் யாருக்கும் கை தெரியாது. தெரியாததால் எல்லாரும் சரியாக அங்கேயே இடித்தார்கள்.

முதல் இரவு காயத்திலிருந்து நீரும் மையும் கசிவது வழக்கம். காலையில் பெட்ஷீட்டில் ஷாஃப்ட் தெளிவாக அச்சாகியிருந்தது. கையில் இருந்ததைவிட அதுதான் நன்றாக இருந்தது என்று தங்கை இன்றும் சொல்கிறாள்.

பிறகு வைத்தியர்கள் வந்தார்கள். பக்கத்து வீட்டு அத்தை தேங்காயெண்ணெய். எதிர்வீட்டுக்காரர் காபித்தூள். மைன்ஸில் முதலுதவிப் பயிற்சி பெற்ற பெரியவர் ஒருவர், டிங்சர் தவிர உலகில் மருந்தே இல்லை என்ற கொள்கையோடு பாட்டிலையே கொண்டுவந்துவிட்டார். கம்பெனி ஆஸ்பத்திரி ஓகோவென்று நடந்த ஊர் இது. மைன்ஸோடு அதுவும் போன பிறகு வைத்தியம் பொதுமக்கள் கைக்கு வந்துவிட்டது.

ஆயாதான் நிதானமாகப் பார்த்தார். அவர் முன்கையிலும் பச்சை இருக்கிறது. புள்ளி வைத்த கோலம், அரை நூற்றாண்டுக்கு மேல் பழையது. வீடு தேடி வந்த குறவர் பெண்கள் குத்தியது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அந்தப் பெண்களின் தொழிலை விவரமாக எழுதி வைத்திருக்கிறார்: மஞ்சளும் அகத்தி இலையும் சேர்த்துத் திரி செய்து, எரித்த புகைக்கரியை மையாக்கி, ஊசியால் குத்துவார்கள்; வலி தெரியாமலிருக்கப் பாடுவார்கள்; வீக்கத்துக்கு எண்ணெயும் மஞ்சளும். பேரன் போன கடையிலும் பாட்டு போட்டார்கள், ஆனால் அது கடைக்காரருக்காக. ஆயா கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னதும் தாளில் இருந்ததுதான்: “கழுவு, எண்ணெய கொஞ்சமா வை, வெயில்ல காட்டாத. சொறிஞ்சியா, போச்சு.” மஞ்சளுக்கு மட்டும் பேரன் ஒப்பவில்லை. எரிச்சலுக்குப் பயந்து அல்ல, சட்டைக்குப் பயந்து.

சொறியாமல் இருப்பதுதான் கஷ்டம். முதல் வாரம் முடிவதற்குள் மேல்தோல் வறண்டு கறுப்புக் கறுப்பாக உரியும். கொடுத்த காசெல்லாம் கொட்டுகிறது என்று வீட்டில் அலறினார்கள். கொட்டுவது வெறும் மேல்தோல். மை அதற்குக் கீழே, உள்தோலில் இருக்கிறது. உடம்புக்கு ஓவியமும் தெரியாது, ஊர்ப்பற்றும் தெரியாது. அந்நியப் பொருள் நுழைந்துவிட்டது என்று காவல் செல்களை அனுப்புகிறது. அவை மையை விழுங்குகின்றன, செரிக்க முடியவில்லை, அங்கேயே உட்கார்ந்துவிடுகின்றன. அந்தச் செல் செத்தால், கொட்டிய மையைப் புதுச் செல் ஒன்று எடுத்து விழுங்கிக்கொள்கிறது என்று 2018இல் பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளிடம் கண்டுபிடித்தார்கள். அப்பாவின் வேலை மகனுக்கு என்று பழகிய ஊரில் இதைப் புரியவைக்க விஞ்ஞானி தேவையில்லை.

அரித்தால் சொறியாமல் லேசாகத் தட்டலாம் என்பது கடைக்காரரின் யோசனை. நெரிசலான ரயிலில் ஒருவன் தன் கையைத் தானே அறைந்துகொண்டு வந்தால் என்ன நினைப்பார்கள்? பங்காருப்பேட்டை வருவதற்குள் அவனைச் சுற்றி நல்ல இடம் கிடைத்தது. இது அவனுக்குக் கிடைத்த ஒரே லாபம்.

சிவப்பு பரவினாலோ, சூடு கண்டாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ களிம்பையும் அத்தைகளையும் நம்பாமல் டாக்டரிடம் ஓட வேண்டும். அந்த அளவுக்குப் போகவில்லை. ரத்ததான முகாமில் மட்டும் திருப்பி அனுப்பினார்கள்: பச்சை குத்தினால் 12 மாதம் ரத்தம் கொடுக்கக் கூடாது என்பது இந்திய விதி. கூட வந்த நண்பன் கொடுத்துவிட்டு ஜூஸ் குடித்தான். இவனுக்கு ஒரு பிஸ்கட்கூட இல்லை.

இந்த ஊருக்கும் மைக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1930இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யக் கம்பெனி முனைந்தபோது, விரலில் மை படக் கூடாது என்று ஆயிரக்கணக்கானவர்கள் ஏறத்தாழ மூன்று வாரம் வேலைக்கே போகவில்லை. பிறகு எம்.ஜி.ஆர். கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னார். 1999இல்கூட அ.தி.மு.க.வுக்கு எம்.எல்.ஏ. கொடுத்த தொகுதி இது, சும்மா இருக்குமா? அந்தக் கொடியைத் தோளில் சுமக்கும் முன்னாள் வைண்டிங் டிரைவர் ஒருவர், கேஜை ஏற்றி இறக்கியவர், பக்கத்து லைனில் இருக்கிறார். எப்படி ஆற்றினீர்கள் என்று பேரன் கேட்டான். “ஆத்தறதா? மறுநாள் ஃபர்ஸ்ட் ஷிஃப்டு போனேன்.”

மூன்று வாரம் போல ஆனதும் கை பளபளவென்று தெளிந்தது. பேரன் அதைக் கொண்டுபோய் முதலில் அந்த டிரைவரிடம்தான் காட்டினான். பெரியவர் கண்ணாடியை மாட்டி, வெளிச்சத்தில் திருப்பி, வெகுநேரம் பார்த்தார். பிறகு விரலால் சக்கரத்தைத் தொட்டார்.

“இன்னாடா இது? கயிறு சக்கரத்துல ஏறி ரெண்டு பக்கமும் நேரா கீழயே போகுது. ஒரு பக்கம் வைண்டர் ரூமுக்கு இல்ல போகணும்? கேஜை யாரு இழுக்கறது, உங்க ஆயாவா?”

விட்டுப்போன கோடுகளைச் சரிசெய்ய மறுபடி ஒரு தடவை வரலாம், அதற்குக் காசு இல்லை என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை போவதாக இருக்கிறான். பெரியவரும் கூட வருகிறார். மேஸ்திரி இல்லாமல் கயிறு மாட்டிப் பழக்கமில்லையாம் அவருக்கு.