பந்தல் போட்டார்கள், ரயில் வரவில்லை

லண்டன் ஹைகேட்டில் ஒரு முருகன் கோயில். குன்றைக் கண்டால் குமரன் விடுவானா? அர்ச்சனையை முடித்து ஆர்ச்வே சாலையில் இறங்கினால் சுரங்க ரயில் நிலையம். அதன் தலைக்கு மேலே, வேலிக்கு அப்பால், மரங்களுக்குள் இன்னொரு நிலையம் செத்துக் கிடக்கிறது. நடைமேடை உண்டு, தண்டவாளம் இல்லை.

ஃபின்ஸ்பரி பார்க்கிலிருந்து அலெக்சாண்ட்ரா மாளிகைக்குப் போன கிளைப்பாதையின் நிலையம் இது. 1873 மே 24-இல் மாளிகையும் ரயிலும் சேர்ந்தே திறந்தன. 16 நாளில் மாளிகை எரிந்தது. நம் கணக்கில் அது கருமாதி நாள். ஆனாலும் பாதை சாகவில்லை. 1875-இல் மாளிகை எழுந்தது, ரயிலும் ஓடியது. தீயால் முடியாததைப் பின்னாளில் கோப்பு முடித்துவைத்தது.

1935-இல் பெரிய திட்டம் போட்டார்கள். பாதையை மின்மயமாக்கி நார்தர்ன் சுரங்க ரயிலோடு இணைப்பதாக வாக்கு. ஓரமாகக் கேபிள் இழுத்தார்கள், மின்நிலையம் கட்டினார்கள். பந்தல் போட்டு, வாழைமரமும் கட்டியாயிற்று. போர் வந்தது, மாப்பிள்ளை வரவில்லை. சரி, குண்டு விழும்போது யார் தாலி கட்டுவார்? போர் முடிந்த பிறகு என்ன கேடு? அதே திட்டத்தில் இன்னொரு நீட்டிப்பு போகவிருந்த எட்ஜ்வேருக்கு வடக்கே, வயல்வெளியில் வீடு கட்டக்கூடாது என்று பசுமை வளையம் போட்டார்கள். வீடில்லாத வயலுக்கு ரயில் வேண்டாம், நியாயம். ஆனால் நம் கிளைப்பாதை போன மஸ்வெல் ஹில் என்ன வயலா? எட்வர்ட் மன்னர் காலத்திலேயே வீடுகள் தோளோடு தோள் இடித்து நின்ற குன்று அது!

1951-இல் நிலக்கரித் தட்டுப்பாடு என்று சில மாதம் வண்டியை நிறுத்தினார்கள். மறுபடி விட்டபோது, வேறு வழி பழகிய கூட்டம் திரும்பவில்லை. 1954 ஜூலையில் "ஆள் ஏறவில்லை" என்று மூடினார்கள். செடிக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டு, பூக்காத குற்றத்துக்குச் செடியை வெட்டும் வித்தை.

கூத்து அதோடு நிற்கவில்லை. ஹைகேட், ஃபின்ஸ்பரி பார்க் இடையே தண்டவாளம் 1970 வரை உழைத்தது. எதற்கு? ஆளில்லாத சுரங்க ரயில் பெட்டிகளை இழுத்துப் போக! மனிதர் ஏறினால் நஷ்டம். காலிப் பெட்டி போனால் நிர்வாகம். 1980-களின் இறுதியில் இதே தடத்தில் கார்ச் சாலை போடலாம் என்று யோசனை வந்தது. ரயிலுக்கு வராத ஞானம் காருக்கு வந்தது. ஊரார் கொதித்து எழுந்து விரட்டினார்கள்.

இன்று இது நடைபாதை. கிரவுச் எண்டில் இரண்டு நடைமேடைகள் எதிரெதிரே நிற்கின்றன. நடுவே, ரயில் ஓடிய பள்ளத்தில், நாய்கள் எஜமானர்களை இழுத்துக்கொண்டு ஓடுகின்றன. மஸ்வெல் ஹில் நிலையம் இருந்த இடத்தில் பள்ளிக்கூடம். ஹைகேட் சுரங்கங்களில் வவ்வால்கள், சட்டப் பாதுகாப்போடு. அவற்றின் மேல் எனக்குக் கோபமில்லை. தலைகீழாக யோசித்தவர்கள் காலிசெய்த வீட்டில் தலைகீழாகத் தொங்குகிறவர்கள் குடியேறியிருக்கிறார்கள். வாரிசுரிமை சரியாகத்தான் போயிருக்கிறது.

மஸ்வெல் ஹில்காரர்கள்? ஃபின்ஸ்பரி பார்க்கில் இறங்கி, டபிள்யூ7 பேருந்துக்கு வரிசையில் நிற்கிறார்கள். "ஆள் ஏறவில்லை" என்று கோப்பில் எழுதினார்களே, அதே ஆட்கள்தான்.