முதல் நூலார்

ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சிக்குப் போனால் இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர்கள் கடை கடையாகச் சுற்றுவார்கள்; இவர் ஒரே கடையைச் சுற்றுவார். தோளில் துணிப்பை, கையில் மூடி கழற்றிய பேனா. யாராவது கையெழுத்துக் கேட்டுவிட்டால்?

அடித்தட்டில் முதுகு காட்டி நிற்கும் தன் சிறுகதைத் தொகுப்பை, கடைப் பையன் அசந்த நேரத்தில் எடுத்து, 'பொன்னியின் செல்வன்' அடுக்கின் மேல் அட்டை தெரிய வைப்பார். (கல்கி நாட்டுடைமை ஆனபின் அந்த அடுக்கு இல்லாத கடை ஏது?) டீ குடித்துவிட்டு வந்தால் புத்தகம் பழைய இடத்துக்கே போயிருக்கும். மறுபடி ஏற்றுவார். யாராவது எடுத்துப் புரட்டினால் போதும், மூச்சை அடக்கிக்கொண்டு சமையல் குறிப்புப் புத்தகம் பார்ப்பதுபோல் ஒதுங்கி நிற்பார். வந்தவர் பின்னட்டையில் விலையைப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். "சார், ஜோசியப் புத்தகமெல்லாம் எந்தப் பக்கம்?" என்று இவரிடமே கேட்பார். இவரும் வழி காட்டுவார்.

நூல் வந்த கதை தனி. பதிப்பாளர் பிரதியைப் படித்தாரா தெரியாது. கையில் தூக்கிப் பார்த்தார். "நல்லா வந்திருக்கு சார். இப்பதான் பிரிண்ட் ஆன் டிமாண்ட் இருக்கே, நூறு காப்பி போடுவோம். ஐம்பதை நீங்க எடுத்துக்கிட்டா போதும்." மூத்த எழுத்தாளர் ஒருவர் அணிந்துரை தந்தார். நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் அவருடைய இளமைக்காலம். மிச்சத்தில் இவர் பெயர், பிழையோடு. திருத்தச் சொல்ல வாய் வரவில்லை, அப்படியே அச்சாகிவிட்டது.

"கைக்காசு போட்டா புத்தகம் போட்டீங்க?" என்று யாராவது சீண்டினால் பாரதியைத் துணைக்கு அழைப்பார். 1920-இல் பாரதி தம் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சிட நினைத்து, கடன் கேட்டுக் கடிதம் அனுப்பினார் என்பது உண்மைதான். அந்தத் திட்டம் நடக்கவில்லை என்பதை மட்டும் இவர் சொல்வதில்லை.

ராயல்டி கேட்டால், "லைப்ரரி ஆர்டர் வரட்டும் சார்" என்பார் பதிப்பாளர். ஐம்பது காப்பியும் கட்டிலுக்கடியில். "என்னங்க, இதை எப்பதான் எடுப்பீங்க? விளக்குமாறு உள்ளேயே போகமாட்டேங்குது" என்று வீட்டில் புகார். அதனால் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாவற்றுக்கும் மொய்க்குப் பதில் நூல்தான். கட்டு கொஞ்சம் குறைந்திருக்கிறது. வரும் அழைப்பிதழ்கள் அதைவிட வேகமாகக் குறைந்துவிட்டன.

என்றாவது உங்களிடமும் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டுவார். "படிச்சுட்டுச் சொல்றேன்" என்று சும்மா வாங்கிக்கொண்டு நடையைக் கட்டாதீர்கள். பின்னட்டையைப் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். பத்து சதவீதம் கழிவும் தருவார்.