புத்தக அளவர்

தண்டையார்பேட்டை மணிக்கூண்டுப் பக்கம் டீக்கடைக்கு ஒரு அண்ணன் இருப்பார். சர்வேயர் பரீட்சைக்கு என்ன புத்தகம் வாங்கலாம் என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பவர். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

"இன்னா புக்குடா வாங்கினே?"

"புன்மியாண்ணே."

"எத்தினியாவது எடிசன்?"

பையன் முழிப்பான். அண்ணனுக்கு அதுதான் வேண்டும். டீயை ஓரமாக வைத்துவிட்டு ஆரம்பிப்பார். புன்மியாவில் கணக்கு பலம், ஆனால் சுமக்க ஆள் வேண்டும். கானேட்கர், குல்கர்ணி எழுதியது பழைய சரக்கு, பூனாவில் அச்சானது, அஸ்திவாரமே அதில்தான். துக்கலில் படம் தெளிவு. பசாக்? "அது சோம்பேறிங்க படிக்கிறது." பையன் கையில் இருப்பது எதுவானாலும் அது தப்பான புத்தகம் என்றுதான் பேச்சு முடியும்.

அவர் வீட்டில் எல்லாமே உண்டு. 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்த பின் அல்லிக்குளம் பக்கம் போன பழைய புத்தகக் கடைகளில் அவருக்குத் தனி மரியாதை. வாங்கியதும் பிரவுன் அட்டை போட்டு, பெயர் எழுதி, பீரோவில் அடுக்குவார். அடுக்கி முடித்ததும், இதற்கு ஒரு கைடு வேண்டுமே என்று மறுபடி கிளம்பிவிடுவார்.

2022-இல் டி.என்.பி.எஸ்.சி. நில அளவர், வரைவாளர் வேலைகளுக்கு 1089 இடங்களை அறிவித்தபோது அண்ணனுக்குப் பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. பாடத்தாள் ஐடிஐ தரம்தான். ஐடிஐ பிள்ளைகளுக்கென்றே கிண்டியிலிருந்து நிமி நிறுவனம் போடும் தொழிற்பாட நூல்கள் போதாதா என்று ஒரு பையன் வாய்தவறிக் கேட்டுவிட்டான். "அத்த எல்லாரும் படிப்பான்டா" என்றார் அண்ணன். எல்லாரும் படிக்கிற புத்தகத்திலிருந்துதான் கேள்வியும் வரும் என்று அவரிடம் யார் சொல்வது? பத்தாம் வகுப்புத் தரத்தில் தமிழ்த் தகுதித் தேர்வும் இருந்தது. அதற்கு எந்தப் பதிப்பு நல்லது என்று அவர் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்.

விஷயம் தெரியாதவர் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. நிலம் அளக்கும் குண்டர் சங்கிலி 66 அடி, 100 கண்ணி. பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் எதிர்வீட்டு ஆயா தன் அரை கிரவுண்டு மனையின் வரைபடத்தை நீட்டி, "இதுல என் சொவரு எங்க இருக்குது பாருப்பா" என்றால், "தாலுக்கா ஆபீஸ்ல கேளு ஆயா" என்று நழுவிவிடுவார்.

சங்கிலிக்குக் குறுக்கே குளம் வந்தால், கட்டடம் வந்தால் எப்படிச் சுற்றி அளப்பது என்று புத்தகங்களில் இருக்கிறது. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரி வரிசை வந்தால் என்ன செய்வது என்று எதிலும் இல்லை. அதனால் அண்ணன் களத்தில் இறங்குவதில்லை.

"கருவி, புக்கு எல்லாம் கைக்கு வராம எறங்கவே கூடாதுடா. லாம்டனே தியோடலைட்டுக்குக் காத்துனு இருந்தாரு" என்பார். அந்தக் காலத்து நில அளவர் லாம்டனுக்கு இங்கிலாந்திலிருந்து வந்த அரை டன் தியோடலைட்டைப் பிரெஞ்சுக்காரர்கள் கடலில் மடக்கி மொரீஷியஸுக்குக் கொண்டுபோனது நிஜம். ஆனால் அது சென்னைக்கு வந்து சேரும் முன்பே, 1802 ஏப்ரலில், பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீள ஆதாரக்கோடு ஒன்றை அவர் சங்கிலியைக் கொண்டு அளக்க ஆரம்பித்து, மே மாதம் முடித்தும்விட்டார். கதையின் இந்தப் பாதியை அண்ணன் சொல்ல மாட்டார்.

சர்வேயர் பரீட்சைக்குத் தயாராகும் தம்பி தங்கைகளே, எது நல்ல புத்தகம் என்று அண்ணனிடம் கேட்காதீர்கள். இரவல் கேளுங்கள். தாராள மனசு, கொடுத்துவிடுவார். ஒரு பென்சில் கோடுகூட இருக்காது.